மணிக்கூட்டுக்குக் 'கீழ்' என்ற திசை மாறவேண்டும்: ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டை ஓடவைக்கும் வீட்டு உபாயங்கள்

வன்னியில் உள்ள முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் இருக்கும் அப்பாவின் இடக்கையில் ஒரு சீக்கோ 5 மணிக்கூடு இருக்கிறது. 1980களில் சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது அவர் கட்டிக்கொண்டு வந்தது. கிழமையைக் காட்டும் சிறிய சாளரத்தில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்தும் வரும். பற்றரி இல்லாத, சாவி கொடுக்கவும் தேவையில்லாத இந்த மணிக்கூடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய குறையின்றி ஓடியது. கடந்த ஆண்டு அப்பாவுக்கு முழங்கால் நோ கூடி, வயலுக்கும் சந்தைக்கும் நடப்பது நின்றுபோன பிறகு, மணிக்கூடும் அடிக்கடி விடியற்காலையில் நின்றுவிடத் தொடங்கியது. அதை எப்படி ஓடவைப்பது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். அந்த வழிகளுள் எது வேலை செய்யும், எது செய்யாது, ஏன் என்பதைப் பார்த்துக்கொண்டு போனால், ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டின் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மணிக்கூட்டை ஓடவைப்பது, சிறிய உருளைப் பெட்டி ஒன்றினுள் சுருட்டி அடைக்கப்பட்ட நீண்ட உருக்குச் சுருள்வில். இறுக்கிச் சுற்றப்பட்ட வில் விரியப் பார்க்கிறது. அந்த விரிதல் பற்சக்கரங்கள் வழியாகச் சென்று முட்களைச் சுழற்றுகிறது. வில் ஒரே மூச்சில் விரிந்துவிடாதபடி, இங்கும் அங்குமாக ஆடும் ஒரு சமநிலைச் சக்கரம், பல் பல்லாக அளந்து அதை விடுவிக்கிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஒலி அந்த அளந்துவிடும் வேலையின் ஒலிதான். அப்பாவின் மணிக்கூட்டில் இருப்பது 7009 என்ற இயந்திரம்; அது ஒரு செக்கனுக்கு 6 தடவை, அதாவது மணித்தியாலத்துக்கு 21,600 தடவை அடிக்கிறது.

பழைய மணிக்கூடுகளில் இந்த வில்லை நாள்தோறும் சாவி, அதாவது பக்கத்தில் துருத்தி நிற்கும் சிறு குமிழ், திருகி இறுக்குவார்கள். ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டில் அந்த வேலையை அரைவட்ட வடிவமான ஓர் உலோகத் துண்டு செய்கிறது. ரோட்டர் எனப்படும் அது, மணிக்கூட்டின் முதுகுப்புறத்தில் நடு அச்சில் பொருத்தப்பட்டுச் சுற்றிலும் தடையின்றிச் சுழலக்கூடியதாக இருக்கும். அதன் ஒரு பக்கம் மட்டுமே பாரமானது என்பதால், மணிக்கூட்டை எப்படித் திருப்பினாலும் அந்தப் பாரமான பக்கம் கீழே போகப் பார்க்கும். கையை வீசி நடக்கும்போது மணிக்கூட்டைப் பொறுத்தவரை 'கீழ்' என்ற திசை இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது, வீச்சின் இழுப்பும் அதோடு சேர்கிறது. ரோட்டர் அந்தக் கீழைத் தேடிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அந்தச் சுழற்சி நெம்புகோல் ஒன்றின் வழியாக வில்லை இறுக்குகிறது. சீக்கோ நிறுவனம் 1959இல் கொண்டுவந்த 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பு, ரோட்டர் வலமாகச் சுழன்றாலும் இடமாகச் சுழன்றாலும் வில்லை ஒரே பக்கமாகவே இறுக்கும். அப்பாவின் மணிக்கூட்டிலும் அதுவே இருக்கிறது.

கை அசையாமல் இருந்தால் கீழ்த்திசை மாறாது. கீழ்த்திசை மாறாவிட்டால் ரோட்டர் சுழலாது. இந்த ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா உபாயங்களையும் அளந்துவிடலாம்.

அளப்பதற்கு ஓர் எண்ணும் வேண்டும். மணிக்கூட்டுக்கென்று விற்கப்படும் மின்சாரச் சுழற்பெட்டிகள் பெரும்பாலான இயந்திரங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 முதல் 800 சுற்றுகள் வரை கொடுக்கும்படி செய்யப்படுகின்றன. எனவே ஒரு நாளுக்கு 650 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வில் முழுவதும் இறுகிவிட்டால் இத்தகைய மணிக்கூடு பொதுவாக 40 மணித்தியாலம் அளவில் ஓடும். 'கூடச் சுற்றினால் வில் அறுந்துபோகாதா' என்று அம்மா கேட்டார். அறுந்துபோகாது. வில்லின் வெளிநுனி பெட்டியின் சுவரில் இறுகப் பொருத்தப்படவில்லை. வில் நிறைந்ததும் அது சுவரில் வழுக்கிக்கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

இந்த யோசனை புதியது அன்று. 1770களில் சுவிற்சர்லாந்தின் ஆபிரகாம் லூயி பெரலே என்ற கைவினைஞர், சட்டைப்பையில் வைத்து நடந்தாலே இறுகிக்கொள்ளும் மணிக்கூட்டைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. கையில் கட்டும் மணிக்கூட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜோன் ஹாவூட் என்ற ஆங்கிலேயர். 1923இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அவரைத் தூண்டிய காரணம் வன்னி மண்ணில் இருப்பவர்களுக்கு உடனே விளங்கும். நாள்தோறும் சாவியைத் திருகும்போது அது நுழையும் துவாரம் வழியாகவே தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து இயந்திரத்தைக் கெடுக்கின்றன என்று அவர் கண்டார். சாவியையே எடுத்துவிட்டால் தூசி புக வழி இல்லை. அவருடைய மணிக்கூட்டில் பாரம் முழுவட்டம் சுழலாமல் இரு பக்கமும் முட்டித் திரும்பியது. 1931இல் றோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டம் சுழலும் ரோட்டரைக் கொண்டுவந்தது. கோடையில் செம்மண் பறக்கும் கிரவல் வீதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அப்பாவின் மணிக்கூட்டைப் பார்க்கும்போது, ஹாவூட் நினைத்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வன்னிக்கு இந்த மணிக்கூடு பொருத்தமாக அமைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1990களில் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருளாக இருந்தது. பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றபோது, நடந்தால் ஓடும் மணிக்கூடுகள் ஓடிக்கொண்டிருந்தன; அந்தக் காலத்தில் எல்லாரும் நிறையவே நடந்தார்கள். 1996இல் அரசு நாட்டின் நேரத்தை மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்ரோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, வன்னிக்கும் வவுனியாவுக்கும் இடையே உள்ள ஓமந்தையைக் கடக்கிறவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா ஒருபோதும் மாற்றவில்லை; வவுனியாவுக்குப் போனாலும் மனத்துக்குள் கூட்டிக்கொள்வார். அப்படிப்பட்ட மணிக்கூடு விடியற்காலையில் நின்று கிடப்பதை அவர் பார்க்கும் பார்வையை எங்களால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வீடே யோசனையில் இறங்கியது.

அக்கா சொன்னது ஏணை. குழந்தையை எப்படியும் நாள் முழுவதும் ஆட்டவேண்டும். மணிக்கூட்டையும் ஏணைச் சேலையோடு கட்டிவிட்டால் இரண்டு வேலையும் முடியும் என்றார். இதைவிட நல்ல வழி இல்லை என்று எல்லாரும் நினைத்தோம். ஒரு பிற்பகல் முழுவதும் ஆட்டியும் மணிக்கூடு ஓடவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தண்ணீர் வாளியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஊஞ்சல்போல ஆட்டிப் பாருங்கள். வாளி சரிந்தாலும் தண்ணீர் சிந்தாது. அதன் மட்டம் வாளியின் விளிம்புக்கு நேராகவே இருக்கும். தன்பாட்டில் ஆடும் எந்தப் பொருளுக்கும், அதற்குள் இருந்து பார்த்தால், 'கீழ்' என்பது எப்போதும் கயிற்றின் வழியேதான் இருக்கிறது. வாளிக்குள் தண்ணீர் உணர்வதையே ஏணைக்குள் ரோட்டரும் உணர்கிறது. வெளியே நின்று பார்க்கிற நமக்குப் பெரிய ஆட்டம். உள்ளே இருக்கிற ரோட்டருக்கு அமைதி. குழந்தை உறங்குவதற்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று அக்கா சொன்னார்.

மணிக்கூட்டை ஏணைக்குள் கட்டாமல், கயிறு கூரை வளையில் தொங்கும் மேல்நுனிக்கு அருகில் கட்டினால் நிலைமை மாறும். அங்கே இடப்பெயர்ச்சி மிகச் சிறிது, ஆனால் கயிற்றின் சரிவு முழுவதும் இருக்கிறது; ஆகவே கீழ்த்திசை உண்மையாகவே இரு பக்கமும் மாறுகிறது. எனினும் கணக்கு நிறைவாக வராது. பக்கத்துக்கு 20 பாகை சரிந்தால், ஒரு முழு ஆட்டத்தில் ரோட்டர் போய்வருவது 80 பாகை. நாலைந்து ஆட்டத்துக்கு ஒரு சுற்று. இருபது நிமிடம் ஆட்டினாலும் நூறு சுற்றளவே தேறும், அதிலும் ஒரு பங்கு பற்களுக்கிடையே உள்ள இடைவெளியில் வீணாகிவிடும்.

தம்பி சுழலும் மேசைமின்விசிறியைக் கொண்டுவந்தான். அதன் தலை இடமும் வலமுமாகத் திரும்புகிறது என்பதால் அதன்மேல் மணிக்கூட்டைக் கட்டலாம் என்றான். நம்முடைய விதியைக் கொண்டு பார்த்தால் விடை உடனே வரும். விசிறியின் தலை திரும்புவது நிலைக்குத்தான அச்சில். அப்படி எவ்வளவு திரும்பினாலும் 12 மேலேயும் 6 கீழேயும் இருக்கிறபடியேதான் இருக்கும். கீழ்த்திசை மாறவே இல்லை. அத்தோடு இன்னொரு கேடும் இருக்கிறது. விசிறி மோட்டர், ஒலிபெருக்கி, காந்தம் போன்றவற்றின் அருகில் மணிக்கூட்டை வைத்தால், சமநிலைச் சக்கரத்தோடு இருக்கும் மயிரிழை போன்ற சுருளில் காந்தம் ஏறி, அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு மணிக்கூடு தாறுமாறாக முந்தி ஓடும். அதை எடுக்க மணிக்கூட்டுக் கடையில் காந்தம் நீக்கும் கருவி வேண்டும்.

ஆட்டின் கழுத்தில் கட்டலாம் என்று சொன்னவன் அக்காவின் மூத்த மகன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தத்துவத்தின்படி வந்த வழிகளுள் மிகச் சிறந்த ஒன்று அதுதான். ஆடு தலையைத் தாழ்த்திப் புல் மேய்கிறது; நிமிர்ந்து பார்க்கிறது; பின்னங்கால்களில் எழுந்து நின்று கொப்பை எட்டிக் குழை தின்கிறது. மணிக்கூட்டின் முகம் பக்கவாட்டில் இருக்கும்படி கழுத்துக்கயிற்றில் கட்டினால், தலை தாழ்வதும் நிமிர்வதும் ரோட்டர் சுழலும் தளத்திலேயே நடக்கின்றன. ஒவ்வொரு கடிக்கும் கீழ்த்திசை கால்வட்டம், சிலவேளை அதற்கும் கூடுதலாக மாறுகிறது. எங்களிடம் கேளாமல் ஒரு நாள் அவன் அதைக் கட்டியும் அனுப்பிவிட்டான். காலையில் நின்று கிடந்த மணிக்கூடு, பின்னேரம் ஆடு பட்டிக்குத் திரும்பியபோது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சூரைப்பற்றைக்குள் புகுந்து வந்த ஆட்டின் கழுத்தில் இருந்த மணிக்கூட்டின் கண்ணாடியில், 4க்கும் 5க்கும் நடுவே ஒரு கீறல் விழுந்திருந்தது. அப்பா பேரனைப் பேசவில்லை. கீறலைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, 'ஆடு நல்லா நடந்திருக்கு' என்று மட்டும் சொன்னார்.

அத்தான் சைக்கிளைக் கையில் எடுத்தார். வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் றேடியோ கேட்ட தலைமுறை அவருடையது. சக்கரம் சுற்றினால் எதுவும் ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மணிக்கூட்டைக் கம்பிகளில் விளிம்புக்கு அருகில் கட்டிச் சக்கரத்தை வேகமாகச் சுற்றினால், ரோட்டரின் பாரமான பக்கம் வெளிப்புறமாக எறியப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு, மணிக்கூட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிவரும். ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது இருக்கைகள் வெளியே சரிந்து நிற்பது போன்றது அது. மையத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் கட்டினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 சுற்றைத் தாண்டியதும் வெளியே எறியும் விசை பூமியின் இழுப்பை வென்றுவிடும். 28 அங்குலச் சைக்கிளுக்கு அது மணித்தியாலத்துக்கு 7 கிலோமீற்றர் வேகம், நடையைவிடச் சற்றே அதிகம். ஆகவே மணிக்கூட்டைச் சக்கரத்தில் கட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடிப் போவதில் பயன் இல்லை. றேடியோவுக்கு வேகம் வேண்டும். மணிக்கூட்டுக்கு நிதானம் வேண்டும். கவிழ்த்து வைத்த சைக்கிளில், அச்சுக்கு அருகே கம்பிகளோடு தட்டையாகக் கட்டி, நிமிடத்துக்கு 30 சுற்று என்ற அளவில் மெதுவாகச் சுற்றினால், இருபது நிமிடத்தில் 600 சுற்று கிடைத்துவிடும். கடையில் விற்கும் சுழற்பெட்டி மின்சாரத்தில் செய்வதும் இதுவே. ஒரு வாரம் அத்தான் இப்படியே செய்தார், மணிக்கூடும் ஓடியது. பிறகு அவருக்குச் சைக்கிள் தேவைப்பட்டது.

சித்தப்பாவின் லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) யோசனையை நான் ஏற்கவில்லை. கைபிடியில் கட்டினால் நடுக்கத்தில் இறுகிவிடும் என்றார். நடுக்கம் ரோட்டரைச் சற்று அசைக்கும் என்பது உண்மை, ஆனால் அது திசை மாறுதல் அன்று, ஓயாத அடி. ரோட்டரைப் பிடித்திருக்கும் திருகாணி அந்த அடியில் தளர்ந்துபோகலாம். தளர்ந்தால் ரோட்டர் மூடியில் உரசும்; மணிக்கூட்டைக் காதருகே ஆட்டினால் 'கரகர' என்று கேட்கும். மண்வெட்டி பிடிக்கும்போதும் விறகு கொத்தும்போதும் மணிக்கூட்டைக் கழற்றி வைப்பது நல்லது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

அப்பா தன் பங்குக்குத் துலாவை நினைவுபடுத்தினார். பழைய கிணற்றுத் துலாவின் அச்சுக்கு அருகே மரத்தின் பக்கத்தில் மணிக்கூட்டை அடித்து வைத்தால், ஒவ்வொரு இறைப்புக்கும் மரம் நன்றாகச் சரிந்து நிமிரும். போக 60 பாகை, வர 60 பாகை என்றால் மூன்று இறைப்புக்கு ஒரு சுற்று. தத்துவம் மிகச் சரி. ஆனால் 650 சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை இறைக்கவேண்டும்; இப்போது எங்கள் கிணற்றில் இருப்பதோ மோட்டர்.

முடிவில் வழியைக் காட்டியவர் அம்மா. அவர் எதையும் யோசனையாகச் சொல்லவில்லை. அடுப்படியில் அரிக்கன்சட்டியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தார். சட்டி தட்டையாக இருக்க, கை ஒரு சிறிய வட்டத்தில் சுற்ற, அரிசியும் தண்ணீரும் விளிம்போடு சுழன்று வந்தன, கல் அடியில் தங்கியது. அந்த அரிசி எப்படிச் சுழல்கிறதோ அப்படித்தான் ரோட்டரும் சுழலும். மணிக்கூட்டை உள்ளங்கையில் முகம் மேலே இருக்கும்படி தட்டையாகப் பிடித்து, 5 சென்ரிமீற்றர் அளவான ஆரையில், செக்கனுக்கு இரண்டு வட்டம் என்று அரித்தால், ரோட்டரின் பாரம் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முழுச்சுற்று வரும். இங்கே பூமியின் இழுப்புக்குப் பதிலாகக் கையின் வட்டமே திசையை மாற்றிக் கொடுக்கிறது. அரை நிமிடத்தில் 60 சுற்று, நின்ற மணிக்கூடு ஓடத் தொடங்க அது போதும். ஐந்து நிமிடத்தில் 600. முழங்கால் தேவையில்லை, ஆடு தேவையில்லை, கதிரையில் இருந்தபடியே செய்யலாம். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இரண்டு நாள் பழக்கினார். 'உதறாதேங்கோ, அரியுங்கோ' என்பதுதான் அவர் சொன்ன ஒரே விளக்கம். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது. அரிசி அரிக்கும்போது மட்டும் மணிக்கூட்டைக் கட்டிக்கொள்ளவேண்டாம். பழைய மணிக்கூட்டின் றப்பர் வளையங்கள் இறுகிப்போயிருக்கும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மணிக்கூடு காலையில் நின்று கிடந்தால் குறை சுற்றுவதில் இல்லை. முழுவதும் இறுக்கிய பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றரை நாளாவது ஓடவேண்டும். ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது என்று பொருள்; கழற்றித் துடைத்து எண்ணெய் இடவேண்டும், எந்த உபாயமும் அதற்கு ஈடாகாது. அப்பாவின் மணிக்கூடு 38 மணித்தியாலம் ஓடியது.

நிற்க விடுவதால் மணிக்கூட்டுக்குக் கேடு வராது என்பதையும் புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். நாட்காட்டி பல ஆண்டுகளுக்குத் தானாகக் கணக்கு வைக்கும் விலையுயர்ந்த மணிக்கூடுகளைத் திரும்பச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. கிழமையும் திகதியும் மட்டும் காட்டுகிற மணிக்கூட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரே ஒரு கவனம் வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் திகதிச் சக்கரத்தின் பற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருகித் திகதியை மாற்றினால் பல் உடையக்கூடும். நின்ற மணிக்கூட்டின் முட்கள் எந்த நேரத்தைக் காட்டுகின்றன என்பதை வெளியில் இருந்து பார்த்து, அது பகலா இரவா என்று சொல்ல முடியாது. ஆகையால் முதலில் முட்களை முன்னோக்கிச் சுற்றித் திகதி மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அதையும் தாண்டி 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிறகு திகதியையும் கிழமையையும் வையுங்கள். கடைசியாக நேரத்தை வையுங்கள். இப்போது பின்னேரமாக இருந்தால் 12ஐ இன்னொரு தடவை தாண்டவேண்டும். அப்பா இதைச் செய்யும்போது கைத்தொலைபேசியைப் பார்ப்பதில்லை, வானொலிச் செய்திக்கு முன் வரும் மணியொலிக்குக் காத்திருந்துதான் சாவியை உள்ளே அழுத்துவார்.